நேற்றைய கோப்பு இன்றும் திறக்க வேண்டும்

தென்காசியில் கல்யாணப் பத்திரிகையோ குற்றால சீசன் நோட்டீஸோ வடிவமைத்து சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பினால், அங்கிருந்து இப்படிப் போன் வருவதுண்டு: “அண்ணாச்சி, பதினொன்னுல சேவ் பண்ணி அனுப்புங்க. எழுத்தையெல்லாம் கர்வ்ஸ் பண்ணிருங்க.”

பதினொன்று என்பது, வடிவமைப்பு மென்பொருளான கோரல்டிராவின் 2002-இல் வந்த பதிப்பு. கர்வ்ஸ் செய்வது என்றால் எழுத்தைக் கோட்டுப் படமாக்குவது. புதிய கோரல்டிராவில் பழைய கோப்பு திறக்கும். பழையதில் புதிய கோப்பு திறக்காது. அதற்காகத்தான் ‘சேவ் ஆஸ்’ பெட்டியில் பதிப்பு எண்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரை எந்த அச்சகக்காரரும் காரணமில்லாமல் மாற்றமாட்டார். மாற்றச் சொல்லும் உரிமையும் மென்பொருள் கம்பெனிக்குக் கிடையாது. ஒரு கோப்பு வடிவம் ஊரெல்லாம் பரவிவிட்டால், அதன்பின் அது செய்தவருக்கு மட்டும் சொந்தமானது இல்லை.

மைக்ரோசாஃப்ட் 2007-இல் வேர்டு கோப்பை ‘டாக்’கிலிருந்து ‘டாக்எக்ஸ்’ என்று அடியோடு மாற்றியது. அப்போது, பழைய ஆபீஸ் வைத்திருப்பவர்களும் புதிய கோப்பைத் திறக்க ஓர் இணைப்பை இலவசமாகக் கொடுத்தது. அதே கம்பெனியின் எக்செல்லில் இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாளே கிடையாது, 1900 லீப் வருடம் இல்லை. லோட்டஸ் 1-2-3 என்ற முந்தைய மென்பொருளில் இருந்த பிழை அது. லோட்டஸில் போட்ட கணக்குகள் தேதி மாறாமல் வரவேண்டும் என்று, தெரிந்தே அந்தப் பிழையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் 2011 முதல் இயங்குகிறது. வேர்டு, எக்செல் போலவே ஆவணத்துக்கும் கணக்குக்கும் மென்பொருள் செய்யும் கம்பெனி அது. இந்தத் தொழிலில் யார் இறங்கினாலும், உலகம் முன்பே எழுதி வைத்த கோப்புகளைத் திறந்து காட்டித்தான் ஆகவேண்டும்.

தமிழில் நாம் பட்ட பாடு இதைவிடப் பெரிது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால், கோப்புக்குள் பதிவாவது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் அம்மா அப்படியேதான் தெரிவாள். வானவில், ஸ்ரீலிபி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. 1999-இல் தமிழக அரசு டாப், டாம் என்று இரண்டு எழுத்துக் குறியீட்டுத் தரங்களை அறிவித்தது. பழைய எழுத்துருக்களில் ஏற்கெனவே அடித்து வைத்தவை அப்படியே நின்றுவிட்டன. எத்தனை கோயில் மலர்கள், எத்தனை ஊர் வரலாறுகள் இப்படிச் சிக்கிக் கிடக்கின்றன!

2010-இல் அரசு ஏற்ற யூனிகோடு என்ற குறியீட்டு முறை இந்த விஷயத்தில் வேறு ரகம். ஓர் எழுத்துக்கு ஒருமுறை எண் கொடுத்தால் அதை நகர்த்தவோ நீக்கவோ மாட்டோம் என்பது அதன் வாக்குறுதி. 2005-இல் ‘ஶ’ சேர்ந்தபோது, வகரத்துக்கும் ‘ஷ’வுக்கும் நடுவே காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தது, வேறு எந்த எழுத்தும் அசையவில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை வைத்த ‘னை’யும் இன்றைய ‘னை’யும் அதில் ஒரே எண்கள்தான், உருவம் மட்டும் எழுத்துருவின் பொறுப்பு.

இதற்கு ஒரு விலையும் உண்டு. யூனிகோடு வரிசையில் நகரத்தை ஒட்டியே னகரம் நிற்கிறது, பகரத்துக்கும் முன்னால். நம் நெடுங்கணக்குப்படி அது தவறு. தமிழறிஞர்களின் மனக்குறை நியாயமானது, எனக்கும் அது உண்டு. ஆனாலும் இனி அதை மாற்றக்கூடாது என்றே சொல்வேன். வரிசைப்படுத்தும் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எண்ணை மாற்றினால் இதுவரை எழுதியதெல்லாம் குலைந்துபோகும்.

மறுபடி அச்சகத்துக்கு வருவோம். அங்கே கேட்கிறபடி கர்வ்ஸ் செய்துவிட்டால் எழுத்து வெறும் கோடாகிவிடும். பிறகு ஒரு பெயரைக்கூடத் திருத்த முடியாது. ஆகவே டிடிபி கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அச்சகத்துக்குப் போகும் கோப்போடு, கர்வ்ஸ் செய்யாத மூலக் கோப்பையும் வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டிலும் சங்கத்திலும் பாமினிக் கோப்பு வைத்திருப்பவர்கள், அதைத் திறக்கும் கம்ப்யூட்டர் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். மாற்றித் தரும் மென்பொருள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.