சாயம் பூசும் கைகள்

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் அழகு நிலையங்களில் உட்கார இடம் கிடைக்காது. அங்கே என் கண் முதலில் போவது வேலை செய்யும் பெண்களின் கைகள் மீதுதான். விரலிடுக்கில் வெடிப்பு, சிவப்பு, தோல் உரிதல். கேட்டால், "ஷாம்பு ஒத்துக்கலக்கா" என்பார்கள்.

ஷாம்பு மட்டும் காரணமல்ல. நாள் முழுக்கத் தலை அலசும் கை ஈரத்திலேயே ஊறிப் பலவீனமாகிறது. அதன்மேல் கருப்புச் சாயத்திலுள்ள பிபிடி என்ற இரசாயனம் பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. பிறகு கொஞ்சம் சாயம் பட்டாலும் அரிக்கும். இதனால் கற்ற தொழிலையே விட்டவர்கள் உண்டு.

சாயம் பூசும்போது மட்டுமல்ல, அலசும்போதும் நைட்ரில் கையுறை வேண்டும். பலர் அப்போதுதான் கழற்றி வைக்கிறார்கள்! கழற்றியதை உள்பக்கம் திருப்பி மறுபடி மாட்டுவது இன்னும் மோசம். சாயம் நேராகத் தோலில் உட்காரும்.

"இதுக்கெல்லாம் யார் காசு போடுறது?" என்று கேட்கும் முதலாளிகளே, நீங்கள்தான். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. இரண்டு நாற்காலிக் கடையும் அதில் அடக்கம்.

தொழிலால் வந்த தோல் நோய்க்குச் சொக்சோவில் கோரிக்கை வைக்கவும் வழியுண்டு. தங்கச்சிகளே, கிளினிக்கில் வெறும் அரிப்பு என்று சொல்லிக் களிம்போடு திரும்பாதீர்கள். என்ன வேலை என்பதையும், விடுமுறையில் அரிப்பு குறைகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.