சித்தன்னவாசல் போனால் சுனையைப் பார்க்காமல் வரலாமா?

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு சித்தன்னவாசலுக்குக் கிளம்புகின்றன. திருச்சியில் இருந்தும் வேன் அமர்த்திக்கொண்டு வருகிறார்கள். அடிவாரத்தில் பூங்கா இருக்கிறது. குழந்தைகள் விளையாடுகின்றன. பிறகு குகைக் கோவிலுக்குள் போய், அண்ணாந்து ஓவியத்தைப் பார்க்கிறார்கள். ஐந்து நிமிடம்! "அவ்வளவுதானாப்பா?" என்று குழந்தை கேட்கிறது. "அவ்வளவுதான், வா" என்கிறார் அப்பா. வேன் திரும்பிவிடுகிறது.

அவ்வளவுதானா? இல்லவே இல்லை. சித்தன்னவாசலின் உயிர் மலைமேல் இருக்கிறது. அது ஒரு சுனை.

புதுக்கோட்டையில் இருந்து 16 கிலோ மீட்டரில், அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த மலை. பெரிய மலை அல்ல. உயரம் 70 மீட்டர்தான். பழனி மலை ஏறிய பாட்டிகூட இதில் ஏறிவிடுவார். ஆனால் மொட்டைப் பாறை. நிழலுக்கு ஒதுங்க இடம் குறைவு. சித்திரை வெயிலில் நடுப்பகலில் ஏறினால் கால் கொப்புளித்துவிடும். காலையில் வெயில் ஏறும் முன்பே ஏறி இறங்கிவிட வேண்டும்.

மேற்குப் பக்கமாக ஏறிக் கிழக்குப் பக்கம் சென்றால், பாறை விளிம்பில் குறுகலான வழி ஒன்று வருகிறது. அங்கே பாறையில் ஏழு படிகள் வெட்டி இருக்கிறார்கள். அதனால்தான் "ஏழடிப்பட்டம்" என்று பெயர். இப்போது கம்பி போட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் கம்பி ஏது? கால் தவறினால் கதை முடிந்தது! அப்படிப்பட்ட இடத்தில், இயற்கையான ஒரு குகையில், சமணத் துறவிகள் தங்கித் தவம் செய்தார்கள். பாறையைச் செதுக்கி வழவழப்பாக்கிய 17 படுக்கைகள் அங்கே இருக்கின்றன. தலையணையும் கல்தான்! எல்லாவற்றிலும் பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து வெட்டி இருக்கிறது. அதற்கு வயது 2,000 ஆண்டுக்கும் மேல்.

துறவிகள் இந்த வெட்ட வெளிப் பாறையைத் தேடி வந்தது ஏன்? ஊர் சந்தடி இல்லாத இடம் வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் தண்ணீர் இல்லாத மலையில் எந்தத் துறவியும் தங்க முடியாது. மலையின் கிழக்குச் சரிவில் "நாவச்சுனை" இருக்கிறது. நாவல் மரத்தால் வந்த பெயர்.

சுனை என்றால் ஊற்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பாறைகளில் இருப்பது பெரும்பாலும் மழை நீர்தான். வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்கியதால் கருங்கல்லில் பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை தங்கியது. அடியில் கெட்டிப் பாறை. நீர் கசிந்து போக வழி குறைவு. மனிதன் வெட்டாத குளம் அது. கடவுள் கொடுத்த தொட்டி என்றும் சொல்லலாம்.

தண்ணீருக்கு அடியில் கோவில்

நாவச்சுனையில் இன்னொரு அதிசயம் உண்டு. நீருக்கு அடியில் பாறையைக் குடைந்து சிறிய கோவில் ஒன்று இருக்கிறது. உள்ளே லிங்கம். பெயர் ஜம்புநாதர். "ஜம்பு" என்றாலும் நாவல்தான். திருவானைக்காவிலும் நாவல் மரம்தான் தல மரம். அங்கும் ஈசன் நீர் வடிவம்தான். சமணர் படுத்த மலையிலேயே சிவனும் நீருக்குள் குடி இருக்கிறார். சண்டை எதுவும் இல்லை!

இது இந்த வட்டாரத்துக்கே உரிய அமைப்பு. திருச்சி சாலையில் உள்ள நார்த்தாமலைக்குப் போனால் அங்கும் இப்படி ஒரு சுனை. "தலையருவிச் சிங்கம்" என்று பெயர். அதன் நீருக்குள்ளும் குடைவரை, அதிலும் லிங்கம். ஜுரத்தைப் போக்கும் ஈசன் என்று வணங்குகிறார்கள். 1857-ல் புதுக்கோட்டை மன்னர் ராமச்சந்திரத் தொண்டைமானின் மூத்த ராணி, அந்தச் சுனை நீரை இறைக்கச் செய்து, லிங்கத்தை வழிபட்டார். அதைப் பாறையிலே எழுதி வைத்திருக்கிறார்கள். ராணியே ஆனாலும் சாமியைப் பார்க்கச் சுனையை இறைக்க வேண்டி இருந்தது!

வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத சீமை புதுக்கோட்டை. வெள்ளாறு ஓடினாலும் மழைக் காலத்தில்தான் ஓடும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் கண்மாய் வெட்டினார்கள். நீரின் அருமை தெரிந்தவர்கள் மலைமேல் நின்ற நீருக்குள் சாமியை வைத்தார்கள். சாமி இருக்கும் நீரில் யார் எச்சில் துப்புவார்கள்?

இன்று என்ன நடக்கிறது? சுற்றுலா வருகிறவர்கள் பிளாஸ்டிக் பாட்டிலையும் பிஸ்கட் உறையையும் பாறையிலேயே போட்டுவிடுகிறார்கள். காற்று அடித்தால் அவை போய்ச் சேரும் இடம் பள்ளம்தான். பள்ளம் என்றால் சுனை. தவளையும் தும்பியும் வாழும் நீரில் பாட்டில் மிதக்கிறது.

இன்னொரு கூத்து, பாறையில் பெயர் கிறுக்குவது. "அந்தக் காலத்தில் எழுதினார்களே, நாங்கள் எழுதினால் என்ன?" என்று ஒரு கல்லூரி மாணவன் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். பதில் படுக்கையிலேயே இருக்கிறது. பழைய எழுத்து, ஒரு துறவிக்கு இன்னார் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார் என்று சொல்கிறது. பிற்காலத்து எழுத்துக்களில் திருநீலன், திருப்பூரணன், திருச்சாத்தன் என்று துறவிகளின் பெயர்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் விட்டவர்களின் பெயர்கள் அவை. இரண்டு நிமிடம் நின்று செல்பி எடுத்தவனின் பெயரும் அந்தப் பெயரும் ஒன்றா?

சுவரில் ஒரு குளம்

கீழே உள்ள அறிவர் கோவிலை, 9-ம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் புதுப்பித்தார். கல்வெட்டு சொல்கிறது. மேல் கூரையில் உள்ள ஓவியம் எதைக் காட்டுகிறது? ஒரு தாமரைக் குளத்தை! மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். இருவர் சேர்ந்து நிற்கிறார்கள். ஒருவர் தனியே நிற்கிறார். சமண வேதம் சொல்லும் புண்ணியக் குளம் அது என்கிறார்கள் அறிஞர்கள். ஆனால் எருமை நீரில் இறங்கும் விதத்தைப் பார்த்தால், வரைந்தவன் அன்னவாசல் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பார்த்தவன்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்த ஓவியக் குளம் மங்கிவிட்டது. புகையும் ஈரமும் கைபடுவதும் பாதியைத் தின்றுவிட்டன. போனதை வரவழைக்க யாராலும் முடியாது. சுனை அப்படி அல்ல. ஒரு மழை பெய்தால் புதிதாகிவிடும். ஆனால் குப்பையை மழை எடுத்துப் போகாது.

கூட்டம் வரக்கூடாது என்று கதவைப் பூட்டச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது தவறு. பார்க்காத பொருளுக்கு யார் பரிந்து பேசுவார்கள்? ஜனங்கள் வரட்டும். சாப்பாட்டுக் கூடையும் பாட்டிலும் அடிவாரத்தோடு நிற்கட்டும். ஊட்டிக்குப் போகிறவர்களிடம் பாட்டிலைப் பறிமுதல் செய்ய நீலகிரியில் முடிகிறது. இங்கே ஏன் முடியாது? ஏழடிப்பட்டத்தில் இருப்பதுபோல் சுனை வழிக்கும் கம்பி வேண்டும். சுனை ஓரம் பாசி வழுக்கும். குழந்தைகளை நீரில் இறக்கக் கூடாது. உள்ளூர் இளைஞர்கள் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, கதை சொல்லும் வேலையையும் காவல் வேலையையும் சேர்த்துக் கொடுக்கலாம். பஞ்சாயத்தும் சுற்றுலாத் துறையும் தொல்லியல் துறையும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம் இது.

நார்த்தாமலையில் பங்குனித் திருவிழாவுக்கு முத்துமாரியம்மன் கோவிலில் கூடும் கூட்டத்தில், எத்தனை பேர் மேலமலை ஏறி விஜயாலய சோழீசுவரத்தையும் சுனையையும் பார்க்கிறார்கள்? அம்மனைக் கும்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். சித்தன்னவாசலுக்கு என்றால் தை, மாசி நல்ல மாதம். சுனையில் நீர் இருக்கும். பாறையும் அவ்வளவாகச் சுடாது.