குலத்தின் கோயில், ஊரின் கோயில்

ஜப்பானில் குழந்தை பிறந்து ஏறத்தாழ ஒரு திங்கள் ஆனதும், அதனைத் தாம் வாழும் பகுதியின் ஷிண்டோ கோயிலுக்கு எடுத்துச் செல்வர். இதற்கு ‘மியாமைரி’ என்று பெயர். அன்று குழந்தையைக் கையில் ஏந்தி நிற்பவர் தாய் அல்லர். தந்தையைப் பெற்ற பாட்டி. அதுவே பழைய வழக்கம். வீட்டார் சூழ்ந்திருக்க, பூசகர் குழந்தையின் பெயரைச் சொல்லித் தெய்வத்தை வேண்டுவார். புதிய உயிர் ஒன்று வந்திருக்கிறது என்று ஊர்த் தெய்வத்துக்கு அறிவிப்பதே அச்சடங்கின் நோக்கம்.

தமிழருக்கு இது முற்றிலும் புதிய காட்சி அன்று. குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்தி, முடி இறக்கிக் காது குத்தும் வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் உண்டு. பிம்ப்ரியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கும் அந்த நாள் ஒரு நிழற்படமாகவே தெரியும். மொட்டைத் தலை, அழுத முகம், சிரிக்கும் மாமன், பின்னே ஒரு வேப்பமரம். அது எந்த ஊர் என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. இக்குறை பிள்ளையுடையது அன்று. பெரியவர்கள் சொல்லவில்லை என்பதே உண்மை.

தொழிற்சாலை வேலைக்காகப் பிம்ப்ரி–சிஞ்ச்வடுக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இதுபற்றி இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. “பிள்ளைகள் இங்கேயே வாழப்போகிறார்கள். எங்கோ இருக்கும் அந்தச் சிறு கோயில் அவர்களுக்கு எதற்கு?” என்பது ஒன்று. “நம் தெய்வம் அங்கேதான் இருக்கிறது. இங்குள்ள கோயில்கள் மராத்தியருடையவை” என்பது மற்றொன்று. முதற்கருத்துடையவர் ஊருக்குப் போவதையே குறைத்துக்கொள்கின்றனர். இரண்டாம் கருத்துடையவர் ஆண்டு முழுவதும் காத்திருந்து, மே மாத விடுமுறையில் ஓர் அரைநாள் கோயிலுக்குப் போய்த் திரும்புகின்றனர். அந்த அரைநாளிலும் பிள்ளைகள் வண்டிக்குள் அமர்ந்து கைப்பேசியைப் பார்க்கின்றனர்.

இவ்விரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று எண்ணுவதே பிழை. ஜப்பானியரின் ஒரு சொல் இதனை நன்கு விளக்கும். அவர்கள் தம்மைக் காக்கும் தெய்வத்தை ‘உஜிகமி’ என்பர். ‘உஜி’ என்றால் குலம். ‘கமி’ என்றால் தெய்வம். எனவே அது நம் ‘குலதெய்வம்’ என்னும் சொல்லுக்கு நேரான சொல்லே ஆகும். தொடக்கத்தில் அது ஒரு குலத்தாரின் தெய்வத்தையே குறித்தது. காலப்போக்கில், ஓரிடத்தில் வாழும் எல்லாரையும் காக்கும் தெய்வத்துக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. சொல் குலத்தைச் சொல்கிறது. பொருள் ஊரைச் சுட்டுகிறது. வேலைக்காக டோக்கியோவில் குடியேறியவர், அங்குத் தம் தெருவுக்கு அருகில் உள்ள கோயிலுக்கே குழந்தையை எடுத்துச் செல்கிறார். அந்த நாளுக்காகப் பாட்டி தம் ஊரிலிருந்து புறப்பட்டு வருவதும் உண்டு. புதிய ஊரின் கோயிலையும் பழைய ஊரின் உறவையும் அவர்கள் ஒரே நாளில் சேர்த்துவிடுகின்றனர்.

குழந்தை வளர்ந்த பிறகும் இது தொடர்கிறது. நவம்பர் 15ஆம் நாளை ஒட்டி ‘ஷிச்சி–கோ–சான்’ என்னும் விழா வரும். ஏழு, ஐந்து, மூன்று என்பது அதன் பொருள். மூன்று, ஏழு வயதுப் பெண் குழந்தைகளையும் ஐந்து வயது ஆண் குழந்தைகளையும் கிமோனோ உடுத்திக் கோயிலுக்கு அழைத்துச் செல்வர். குழந்தைகளின் கையில் கொக்கும் ஆமையும் வரைந்த நீண்ட பை இருக்கும். உள்ளே சிவப்பும் வெள்ளையுமான நீண்ட மிட்டாய். அதன் பெயர் ‘ஆயிரம் ஆண்டு மிட்டாய்’. நீண்ட ஆயுள் வேண்டும் என்பதை ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு இதைவிட இனிமையாகச் சொல்ல இயலுமா?

சாகண் பகுதியில் ஜப்பானிய நிறுவனங்கள் உள்ளன. அவற்றில் பணிபுரிவோர் சிலருக்கு ஜப்பான் செல்லும் வாய்ப்பும் அமைகிறது. அப்படிச் செல்வோர், இயன்றால் தாத்தா பாட்டியையும் உடன் அழைத்துச் செல்வது நன்று. கடவுச்சீட்டு, குளிர், முழங்கால் வலி, செலவு என்று தடைகள் பல உண்டு. ஆயினும் கோயில் வாசலில் பிள்ளைகளைவிட அவர்களுக்கே மிகுதியாக விளங்கும். ஷிண்டோ கோயிலின் முகப்பில் நீர்த்தொட்டி இருக்கும். அகப்பையால் நீரை மொண்டு முதலில் இடக்கையையும், பின்பு வலக்கையையும் கழுவி, வாயையும் கொப்பளித்த பின்னரே உள்ளே செல்ல வேண்டும். குளத்தில் கால் நனைத்துவிட்டுச் சந்நிதிக்குச் செல்லும் பாட்டிக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. டோக்கியோவின் அசகுசாவில் உள்ள சென்சோஜி என்னும் புத்தர் கோயிலில், ஊதுவத்திப் புகையை மக்கள் இரு கைகளாலும் அள்ளித் தலையிலும் உடலிலும் தடவிக்கொள்வர். கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்பவருக்கு அது தம் வீட்டுப் பழக்கம் போலவே தோன்றும். வேறுபாடுகளும் உண்டு. ஷிண்டோ கோயிலில் இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவர். புத்தர் கோயிலில் கைதட்டுதல் கூடாது, கைகூப்பினால் போதும்.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் மட்சுசியாமா ஷோடென் என்னும் கோயில் உள்ளது. அதில் வழிபடப்படுபவர் காங்கிதென். அவர் வேறு யாருமல்லர். இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சென்ற விநாயகரே. அவருக்கு அங்கே படைக்கப்படுவது முள்ளங்கி! கொழுக்கட்டைக்கே பழகிய நம் பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பர். சிரிக்கட்டும். தெய்வம் போன இடத்தின் விளைச்சலை ஏற்றுக்கொண்டது என்பது அவர்களுக்கு அப்போது புரியும்.

இதற்காக அனைவரும் ஜப்பானுக்குச் செல்ல வேண்டும் என்பதில்லை. அதே விநாயகர் பிம்ப்ரிக்கு அருகிலேயே இருக்கிறார். சிஞ்ச்வடில் பவனா ஆற்றங்கரையில் கணபதி அடியாரான மோர்யா கோசாவியின் சமாதிக் கோயில் உள்ளது. ‘கணபதி பாப்பா மோர்யா’ என்று ஆண்டுதோறும் பிள்ளைகள் முழங்கும் முழக்கத்தில் உள்ள மோர்யா அவரே என்பர். அங்கிருந்து ஆண்டுக்கு இருமுறை மோர்காவுக்குப் பல்லக்குப் புறப்படுகிறது. ஆஷாட ஏகாதசிக்கு முன்னர், தேஹுவிலிருந்து பண்டரிபுரம் செல்லும் துக்காராமர் பல்லக்கு ஆகுர்டியில் தங்கிப் பிம்ப்ரி வழியாகவே புனேக்குச் செல்கிறது. அதன் பின்னே தாத்தாவும் பேரனும் மாமியாரும் மருமகளும் ஒரே கூட்டமாக நடப்பதை மாடியிலிருந்து பார்த்தால் மட்டும் போதாது. மராத்தியக் குடும்பங்கள் பல, மணமக்களைத் தம் குலதெய்வமான கண்டோபாவிடம் ஜெஜுரிக்கு அழைத்துச் செல்கின்றன. குலதெய்வம் என்பது தமிழர்க்கு மட்டும் உரிய மரபு அன்று என்பதை, வகுப்பில் அருகில் அமர்ந்திருக்கும் நண்பனே சொல்லிவிடுவான்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மணமானதும் பெண்ணுக்குத் தாய்வீட்டுக் குலதெய்வம் இல்லை என்று சிலர் கூறுவர். ஜப்பானில் தந்தையின் தாய்தான் குழந்தையை ஏந்த வேண்டும் என்ற பழைய விதியும் இன்று தளர்ந்து, தாயைப் பெற்ற பாட்டியும் தாயும் ஏந்துகின்றனர். பிம்ப்ரியில் இரண்டே பிள்ளைகள், சில வீடுகளில் ஒரே பெண்பிள்ளை. அவளும் விலக்கப்பட்டால் அக்கோயிலுக்கு எவர் செல்வர்? இந்த வழக்கத்தை மாற்றுவதே முறை.

ஜப்பானின் இசே கோயிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் முழுவதும் புதிதாகக் கட்டுவர். 2013இல் கட்டியது 62ஆம் முறை, அடுத்தது 2033. ஒரு முறை கற்றுக்கொண்ட இளந்தச்சர், அடுத்த முறை தாமே முன்னின்று செய்து இளையவருக்குக் கற்பிக்க அந்த இடைவெளி உதவுகிறது. மரம் பழையது அன்று, கைப்பழக்கம் பழையது. கைப்பழக்கத்தை ஏட்டில் எழுதிவைத்தால் மட்டும் போதாது. அருகில் நின்று பார்க்க வேண்டும்.

வரும் மே மாதம் புனேயிலிருந்து ஊருக்குச் செல்லும் நீண்ட தொடர்வண்டிப் பயணத்தில், தாத்தாவிடமோ பாட்டியிடமோ அந்தக் கோயிலின் பெயரையும் அங்குப் போகும் வழியையும் கேட்கலாம். மொட்டை அடித்த நாளின் நிழற்படத்தையும் எடுத்துச் செல்லலாம். அதன் பின்புறம் வெறுமையாகவே இருக்கிறது. ஊரின் பெயரையும் மடியில் வைத்திருந்த மாமனின் பெயரையும் எழுத அங்கே இடம் உண்டு.