பத்தி இறக்கிய அறைக்கு என்ன பெறுமதி?

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள் பெரியவர்கள். மலைநாட்டில் இவ்விரண்டும் சேர்ந்தே வரும். மூத்தவன் பெண் அழைத்து வந்தால் இஸ்தோப்பை மறைத்து ஓர் அறை. இளையவனுக்கும் முடிந்துவிட்டால் கோடியில் பத்தி இறக்கி இன்னோர் அறை, அதற்கொரு தனி அடுப்பு. பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹாலிஎல, பண்டாரவளை என எந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாலும் லயத்தின் முன்னும் பின்னும் இப்படி எழுந்த அறைகளைக் காணலாம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற நியாயமான ஆசைதான் இதற்குக் காரணம்.

மண்சரிவாலும் புயலாலும் இடம்பெயர்ந்து, இன்று புதிய வீட்டில் இருக்கும் குடும்பங்களும், வீட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களும் ஒரு கேள்வியைக் கேட்கின்றன: “புதிய வீட்டோடு இன்னொரு குடியிருப்பைச் சேர்த்துக் கட்டினால் வீட்டின் பெறுமதி கூடுமா?” கூடும், ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு. காணி நம் பெயரில் இருக்க வேண்டும். மண் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லாவிட்டாலும் கூட்டிய அறை நமக்குச் சுமையாகவே முடியும்.

லயத்தில் ஏன் பெறுமதி இல்லை?

ஒரு வீட்டின் பெறுமதியை நான்கு வகையாகப் பார்க்கலாம். விற்றால் என்ன கிடைக்கும்? ஈடு வைத்தால் வங்கி எவ்வளவு தரும்? வாடகைக்கு விட்டால் மாதம் என்ன வரும்? அழிந்துபோனால் நட்டஈடாக எதைக் கேட்கலாம்? லயத்துக் காம்பராவில் இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடையாது. அங்கே கட்டிய அறை வெயிலையும் மழையையும் தடுத்தது. அதற்குமேல் எதுவும் தரவில்லை.

காரணம் கட்டியவரின் சோம்பலோ கைக்குறையோ அல்ல. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போயிற்று. காணி அரசுக்குரியதாகவும், குத்தகை கம்பெனிக்குரியதாகவும் இருக்க, அதில் நான்கு தலைமுறையாக வாழ்ந்தவருக்கு மட்டும் உறுதி இல்லை. பின்னர் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் தனி வீடுகளும் இரட்டை வீடுகளும் கட்டப்பட்டன. கடன் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. கடனைக் கட்டி முடித்த பலரின் கையிலும் காணி உறுதி சேரவில்லை. உறுதி இல்லாத மண்ணில் எத்தனை அறை கட்டினாலும் வங்கிக்காரரின் கணக்கில் அது பூச்சியமே.

கடல் கடந்தால் நிலைமை வேறு. ரொறன்ரோவில் குடியேறிய நம்மவர் பலர் வீட்டின் நிலக்கீழ்த் தளத்தைத் தனிக் குடியிருப்பாக்கி, அந்த வாடகையைக் கொண்டு வீட்டுக் கடனைக் கட்டுகிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2016 முதல் சட்டங்களைத் தளர்த்தி, வீட்டு வளவில் இரண்டாவது சிறு வீடு கட்டுவதை எளிதாக்கியது. அங்கே கூட்டிய அறை சொத்தாகிறது. அந்தச் செங்கல்லில் விசேஷம் எதுவும் இல்லை. உறுதியும் அனுமதியும் தண்ணீர் இணைப்பும் அதற்குப் பின்னால் நிற்கின்றன, அவ்வளவுதான்.

மண்சரிவு காட்டிய கணக்கு

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. உயிர் தப்பியவர்கள் சுமார் இரண்டு வருடம் தற்காலிக இடங்களில் கழித்த பின், 2016இல் மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் பூனாகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தையே உலுக்கியது.

இத்தகைய அழிவுக்குப் பிறகு வீடு எப்படி எண்ணப்படுகிறது என்பதில்தான் ஏழைக் குடும்பத்தின் எதிர்காலம் இருக்கிறது. ஒரு காம்பராவில் தகப்பன், இரண்டு மகன்மாரின் குடும்பங்கள், மூன்று அடுப்புகள் என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் தகப்பன் பெயர் மட்டும் இருந்தால், மூன்று குடும்பத்துக்கு ஒரு வீடுதான் வரும். மகன்மார் தங்கள் கைக்காசில் கட்டிய அறைகள் ஒருநாளும் இருந்ததாகவே கணக்கில் வராது. பிறகு அந்த ஒரு புதிய வீட்டுக்குப் பின்னாலும் பத்தி இறக்கத்தான் வேண்டியிருக்கும். லயம் வேறோர் உருவில் திரும்பி வரும்.

ஏழு பேர்ச்சில் என்ன முடியும்?

அண்மைக்கால வீட்டுத் திட்டங்களில் பொதுவாக 7 பேர்ச் காணியும் ஏறத்தாழ 550 சதுர அடி வீடும் கிடைத்தன. ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஏழுக்கு ஏறக்குறைய 1,900. வீடு போக மிஞ்சுவது 1,350 சதுர அடி. அதில்தான் மலசலகூடக் குழி, வழி, வடிகால், நாலு கறிவேப்பிலை மரம், மரக்கறிப் பாத்தி எல்லாம். சமதரையாக இருந்தால் இரண்டு அறை, ஒரு குசினி கொண்ட சிறு வீடு ஒன்றைச் சேர்க்கலாம். சரிவாக இருந்தால் அந்தக் கணக்கு கடதாசியில் மட்டுமே சரி.

சரிவில் இடம் போதாதபோது வீட்டின் பின்புற மண்ணை வெட்டி அறை கூட்டுவது நம்மிடையே உள்ள வழக்கம். மலையின் அடிக்காலை வெட்டினால் மேல்மண்ணைப் பிடித்திருக்க எதுவும் இல்லை. புதிய தகரத்திலிருந்து விழும் நீருக்குப் பீலியும் கானும் இல்லாவிட்டால், அது முழுதும் அந்த வெட்டிலேயே இறங்கும். அறை கூட, ஆபத்தும் கூடும். அப்படிப்பட்ட வீட்டை எவரும் நல்ல விலைக்குக் கேட்கமாட்டார்கள்.

வாடகையிலும் தெளிவு வேண்டும். பதுளை நகரையும், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தையும், பண்டாரவளையையும் அண்டிய இடங்களில் தனி வாசலும் தனி மலசலகூடமும் உள்ள அறைக்கு மாணவரும் ஆசிரியரும் வருவார்கள். பஸ் போகாத டிவிசனில் வாடகைக்கு யார் வருவார்? அங்கே கூட்டிய அறையின் பயன் பிள்ளையின் படிப்பும் மருமகளின் நிம்மதியுமே. அது சிறிய பயன் அல்ல. ஆனால் அதைப் பணமாக எண்ணிக் கடன் வாங்கக்கூடாது. ஐந்து இலட்சம் செலவழித்ததால் விலையும் ஐந்து இலட்சம் ஏறிவிடாது.

கட்டுமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, உறுதியையோ அனுமதிப் பத்திரத்தையோ வாசித்தறிந்தவரைக் கொண்டு வாசித்துப் பாருங்கள். காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பெற்ற அரச காணியை விற்கப் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். விரும்பியபடி துண்டாடவும் முடியாது.

இரண்டாவது, பதுளை மாவட்டத்தில் மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் பிரதேச சபையின் அனுமதியும் தேவை. இதை வீண் அலைச்சல் என்று எண்ணவேண்டாம். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, மூடமுடியாமல் இறுகும் கதவு ஆகியவற்றைக் கண்டால் அறை கட்டும் பேச்சையே விட்டு முதலில் கிராம சேவகரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, அண்ணன் காணியில் தம்பி கட்டுவதானால் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காணி எவர் பெயரிலோ, கட்டடமும் பொதுவாக அவருடையதாகவே எண்ணப்படும். இன்றுள்ள அன்பு நாளை மருமக்கள் காலத்திலும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

நான்காவது, பணம் குறைவானால் முதலில் வடிகாலையும் தடுப்புச் சுவரையும் கட்டுங்கள். அறை அடுத்த வருடம் வரட்டும்.

பொறுப்பிலுள்ளோர் செய்ய வேண்டியவை

குடும்பங்களுக்கு மட்டும் புத்தி சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. இடம்பெயர்ந்தோரைக் காம்பராக் கணக்கில் எண்ணாமல் அடுப்புக் கணக்கில் எண்ண வேண்டும். வீட்டுச் சாவியோடு உறுதியும், கணவன் மனைவி இருவர் பெயரிலும், ஒரே நாளில் கையளிக்கப்பட வேண்டும். வீட்டு வரைபடத்திலேயே பின்னாளில் எந்தப் பக்கம் அறை கூட்டலாம், எந்தப் பக்கம் மண்ணைத் தொடக்கூடாது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் வளர்வார்கள், கல்யாணம் செய்வார்கள் என்பது அதிகாரிகளுக்குத் தெரியாத செய்தியல்லவே.

தோட்டங்களுக்குள் தங்கள் நிதியைச் செலவிடப் பிரதேச சபைகளுக்கு இருந்த தடை 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் நீங்கியது. ஆகவே பாதையும் வடிகாலும் கேட்டுச் சபைக்குக் கூட்டாக மனுக் கொடுக்க நமக்கு வழி இருக்கிறது. ஒரு வீட்டின் பெறுமதியில் பெரும்பங்கு அதன் வாசலுக்கு வரும் பாதையில் இருக்கிறது. அதைத் தனியொருவர் கட்ட முடியாது. ஊர் சேர்ந்துதான் கேட்க வேண்டும்.