கல்லறைகளின் கதையைத் தமிழிலும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையின் பழைய தேவாலயங்களையும் கல்லறைத் தோட்டங்களையும் சுற்றிக் காட்டும் மரபு நடைகளைப் பாராட்டி உங்கள் இதழில் கட்டுரை வெளியாகியிருந்தது. நல்ல முயற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நடைகள் யாருக்காக நடக்கின்றன, யாருடைய கதையைச் சொல்கின்றன என்று கட்டுரையாளர் கேட்கவே இல்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அண்மையில் நானும் கட்டணம் கட்டி அப்படியொரு நடையில் கலந்துகொண்டேன். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். விளக்கமோ தொடக்கம் முதல் முடிவு வரை ஆங்கிலத்தில். "தமிழிலும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று ஓர் அம்மா கேட்டதற்கு, "நேரம் இல்லைங்க" என்று பதில் வந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநர்களுடைய திருமணக் கதைகளுக்கு மட்டும் நேரம் தாராளமாக இருந்தது.

கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த வாரமே ஏலிஹு யேல் அங்கே மணமுடித்தார். 1753-இல் ராபர்ட் கிளைவுக்கும் அங்கேதான் திருமணம். இவ்வளவையும் எங்கள் வழிகாட்டி விரிவாகச் சொன்னார். சொல்லும்போது அவரும் நாங்களும் நின்றிருந்தது, முற்றத்தில் தரையோடு தரையாகப் பாவியிருக்கும் கல்லறைக் கற்களின் மேல். அவை எப்படி அங்கே வந்தன என்று ஒரு வார்த்தை இல்லை. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, இன்றைக்குப் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் இருக்கும் இடத்தில் அன்று இருந்த இடுகாட்டின் உயரமான கல்லறைகளை மறைவிடமாக்கிக்கொண்டது. முற்றுகை ஓய்ந்ததும், இனி எந்த எதிரிக்கும் அந்த வசதி கிடைக்கக் கூடாது என்று கிழக்கிந்தியக் கம்பெனியே அவற்றை இடித்து, எழுத்துள்ள கற்களைப் பெயர்த்து வந்து இந்த முற்றத்தில் பதித்தது. 1652-இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல்லும் அங்கே இருக்கிறது. இந்தியாவில் உள்ள ஆங்கிலேயக் கல்லறைக் கற்களில் மிகப் பழையதாக அது கருதப்படுகிறது. மழை பாதி தேய்த்த எழுத்தை மீதிக்குச் செருப்பு தேய்க்கிறது. சுற்றிலும் ஒரு கயிறு கட்டி, ஓரமாக நின்று பாருங்கள் என்று சொல்ல என்ன செலவாகும்?

கோட்டையிலிருந்து அரண்மனைக்காரன் தெருவுக்குப் போனோம். அங்குள்ள ஆர்மேனியத் தேவாலய வளாகத்தில் ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறை இருக்கிறது. உலகின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகையை 1794-இல் இதே சென்னையில் அச்சிட்டவர் அவர். அந்தக் கல்லறையைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டோம். எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட புனித ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில், கட்டடத்தை வடிவமைத்த டி ஹாவிலாண்டின் பெயரைப் பலமுறை கேட்டோம். அந்தச் சேற்று நிலத்தில் அவ்வளவு பெரிய குவிமாடம் நிற்பது, வரிசையாக இறக்கிய செங்கல் கிணறுகளின் மேல். கிணறு இறக்கி அடித்தளம் போடுவது இந்த மண்ணின் கொத்தர்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலை. அந்தக் கொத்தர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம், வேப்பேரி அந்த நடையில் இடம்பெறாததுதான். புனித மத்தியாஸ் தேவாலயத்தில், 1751-இல் இறந்த கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகரின் கல்லறை இருக்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டியவர் அவர். அவர் மறைந்த மறு ஆண்டு, இன்று மத்தியாஸ் தேவாலயம் நிற்கும் இடத்தில் அன்று இருந்த கோயில் பெப்ரீஷியஸ் ஐயர் கைக்கு வந்தது. 1742 முதல் 1791-இல் இறக்கும்வரை சென்னையில் வாழ்ந்து, விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர் பெப்ரீஷியஸ். அவர் தமிழாக்கிய ஞானப்பாட்டுகளை லுத்தரன் சபையார் இன்றும் பாடுகிறார்கள். 1761-இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்து அள்ளிவந்த அச்சு இயந்திரம் வேப்பேரிக்குத்தான் வந்தது. பெப்ரீஷியஸும் பிரைத்தாப்ட்டும் தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி 1779-இல் இங்கே அச்சேறியது. தமிழ்–ஆங்கில அகராதி அச்சேறிய பேட்டையை விட்டுவிட்டு, கிளைவ் தாலி கட்டிய இடத்தை மட்டும் காட்டினால் அது எந்த ஊரின் மரபு?

வெளிநாட்டுப் பயணிகள் வருவதால் ஆங்கிலம்தான் வசதி என்று அமைப்பாளர்கள் சொல்லக்கூடும். ஆங்கில நடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தமிழ் நடையும் வேண்டும் என்கிறேன். "வெள்ளைக்காரன் கல்லறை நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களிடம் நாம் தமிழில் எதையும் சொன்னதில்லையே! பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் யேலின் மகன் டேவிட்டும் யேல் மனைவியின் முதல் கணவர் ஜோசப் ஹைன்மரும் அடக்கமான கூம்புக் கல்லறை, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அதை இடம் மாற்றும் பேச்சு நீதிமன்றம்வரை போனது. அது என்ன கல், ஏன் அங்கே தனியாக நிற்கிறது என்று பக்கத்து நிறுத்தத்தில் தினமும் பஸ் ஏறும் எத்தனை பேருக்குத் தெரியும்? கதை தெரியாத ஊரில், கல்லைக் காக்க ஆள் வரமாட்டார்கள்.

இன்னொன்றையும் நடை நடத்துவோர் மனத்தில் கொள்ள வேண்டும். இவற்றில் பல இன்றும் மக்கள் புழங்கும் இடங்கள். அரண்மனைக்காரன் தெருவில் செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியாரைப் பார்க்க எல்லா மதத்தவரும் வருகிறார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், குடும்பம் குடும்பமாக வந்து கல்லறையைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அடக்க ஆராதனை நடக்கும்போது அருகில் போய்ச் செல்பேசியை நீட்டிப் படம் பிடிப்பது மரபு ஆர்வம் ஆகாது.

சுற்றுலாத் துறைக்கும் மாநகராட்சிக்கும் என் கோரிக்கைகள் இவை: முக்கியமான தேவாலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் சபையாரின் ஒப்புதலோடு தமிழில் விளக்கப் பலகை வையுங்கள். மாநகராட்சிப் பள்ளி மாணவர்களை ஆண்டுக்கொரு முறையாவது கட்டணமின்றி அழைத்துச் செல்லுங்கள். தமிழில் சொல்லத் தெரிந்த வழிகாட்டிகளைப் பயிற்றுவியுங்கள். வேப்பேரியைப் பாதையில் சேருங்கள். தரையில் பதித்த கல்வெட்டுகளின் மேல் நடப்பதற்குத் தடை போடுங்கள். நடை அமைப்பாளர்கள் அரசுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த சென்னை தினமான ஆகஸ்ட் 22-க்குள் ஒரு நடையையாவது முழுக்கத் தமிழில் நடத்திக் காட்டட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
வேப்பேரி, சென்னை - 7