வாழ்த்து அட்டை வியாபாரம் போய்விட்டதா?

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்டேஷனரிக் கடை வாசலில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்துக்களைத் தொங்கவிட்ட காலம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். பொங்கல் பானை, முருகன், ஜல்லிக்கட்டுக் காளை, எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல் என்று சிவகாசியிலிருந்து கட்டுக்கட்டாக வந்து இறங்கும். வாங்குகிறவர்கள் உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி, ‘புக் போஸ்ட்’ என்று எழுதிப் பெட்டியில் போடுவார்கள். செல்போன் வந்து அத்தனையும் போயிற்று என்று தென்காசிக் கடைவீதியில் எல்லோரும் சொல்லுகிறார்கள். அது பாதிதான் சரி என்பது என் கருத்து.

அச்சடித்த வாழ்த்து என்பதே சிரமத்தை மிச்சப்படுத்த வந்ததுதான். லண்டனில் 1843-ல் ஹென்றி கோல் என்பவருக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லை. ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்று வரையச் சொல்லி அச்சிட்டார். மிஞ்சியதை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார்கள். சுலபத்துக்காக வாங்கியவர்கள் அதைவிடச் சுலபமான வழி கிடைத்ததும் அங்கே போய்விட்டார்கள். வாழ்த்துத் தந்தியும் 2013 ஜூலையில் தந்திச் சேவையோடு முடிந்தது. ஆனால் கையால் செய்யும் அட்டைக்கு மதிப்பே அதில் பட்ட சிரமம்தான். செல்போன் எப்படி அதற்குப் போட்டியாகும்?

பொங்கலுக்கும், கிறிஸ்துமஸுக்கும், ரம்ஜானுக்கும், ஆசிரியர் தினத்துக்கும் பிள்ளைகள் இன்றும் சார்ட், ஸ்கெட்ச் பேனா, ஜிகினா, கலர் பேப்பர், பசை கேட்டு வருகிறார்கள். நாம் அவற்றை ஐந்து இடத்தில் வைத்துக்கொண்டு, கூட்ட நேரத்தில் “அப்புறம் வா” என்கிறோம். அந்தப் பிள்ளையின் தகப்பனார் இரவே செல்போனில் ஆர்டர் போட்டுவிடுகிறார். பிறகு ஆன்லைனைத் திட்டி என்ன பயன், அண்ணாச்சி?

கணக்கைப் பாருங்கள். 22க்கு 28 அங்குல சார்ட் ஒன்றில், மடித்தால் 5க்கு 7 அங்குலம் வரும் அட்டை எட்டு தேறும். அளவு தெரியாமல் பிள்ளைகள் நாலுதான் வெட்டுகிறார்கள். கடையிலேயே பேப்பர் கட்டரில் வெட்டி, மடிப்புக்கோடு இழுத்து, பொருந்துகிற உறையும் சேர்த்து எட்டு எட்டாகக் கட்டி வைத்தால் சார்ட் விலைக்கு மேல் கூலியும் கிடைக்கும். வருஷம் போட்டு அச்சடித்த அட்டை தை இரண்டாம் தேதி முடிந்தால் பழைய பேப்பர் எடைக்குத்தான் போகும். திருப்பி எடுப்பதாகச் சொல்லிச் சரக்கு இறக்கிய ஒருவர் பிறகு கடிதத்துக்குப் பதிலே போடாமல், இரண்டு பெட்டி அட்டை என் கிட்டங்கியில் தேங்கிப் போனது உண்டு. வெள்ளை அட்டைக்கு அந்தப் பயமில்லை. பொங்கலுக்கு விற்காதது ஆசிரியர் தினத்துக்கு விற்கும். லாபம் பெரிதல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாடிக்கை பள்ளிக்கூட வயதில்தான் பிடிபடுகிறது.

என்ன வரைவது என்று கேட்கும் பிள்ளைக்கு நம் ஊரிலேயே விஷயம் இருக்கிறது. காசி விசுவநாதர் கோபுரம், ஐந்தருவியின் ஐந்து கிளை, சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி, குற்றாலம் சித்திரசபைச் சுவரில் உள்ள மூலிகை வண்ண ஓவியங்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். யுனிசெஃப் 1949-ல் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டையே செக்கோஸ்லோவாகியாவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வரைந்த படம்தான்.

தபாலில் போகிற அட்டையில் மணி, கண்ணாடிச் சில்லு ஒட்டக்கூடாது என்று நாமே சொல்லிவிட வேண்டும். முத்திரை குத்தும்போது நொறுங்கும். உறையோடு 20 கிராமுக்குள் நின்றால் 5 ரூபாய் ஸ்டாம்பு போதும். ஸ்டாம்பையும் நாமே வாங்கி வைத்து அதே விலைக்குக் கொடுத்தால் பிள்ளைகள் தபால் ஆபீசுக்குத் தனியாக அலைய வேண்டியதில்லை.

நம் சங்கம் ஒரு காரியம் செய்யலாம். டிசம்பரில் பள்ளிகளுக்கு வாழ்த்து அட்டைப் போட்டி வைத்து, பரிசுப் படங்களைக் குற்றாலத்தில் பார்வைக்கு வைக்கலாம். ஐயப்ப பக்தர்கள் கூட்டம் அங்கே நிறையும் நேரம் அது. சரக்கு மட்டும் கார்த்திகைக் கடைசியிலேயே கடைக்கு வந்துவிட வேண்டும். மார்கழி இருபதுக்கு மேல் வெளியூருக்குப் போடுகிற தபால் பொங்கலுக்குள் போய்ச் சேருவது சந்தேகம்.