‘வேண்டாம் மாப்ள!’ - மலைப்பாதையில் இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்

வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு வரி வந்து விழும். ‘நாளைக்கு மஞ்சூர் போலாமா?’ அடுத்த அஞ்சு நிமிஷத்தில் நாலு கட்டை விரல்கள் உயரும். சனிக்கிழமை விடியும் முன்பே காந்திபுரத்தில் ஒரு டீக்கடை வாசலில் கார் நிற்கும். ஆளுக்கொரு டீ, ரெண்டு பாக்கெட் சிப்ஸ், டேங்க் நிறைய பெட்ரோல். “பாத்துப் போய்ட்டு வா கண்ணு” என்று வீட்டில் அம்மா சொன்னது பாதி காதில் விழுந்திருக்கும்.

கோவையில் வேலை பார்க்கும், படிக்கும் பிள்ளைகளுக்கு மலை என்பது தூரத்துச் சமாச்சாரம் அல்ல. எந்தத் திசையில் வண்டியைத் திருப்பினாலும் ரெண்டு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு அடிவாரம் வந்துவிடும். பக்கத்தில் இருப்பதாலேயே அது பழகிய இடம் என்ற நினைப்பும் வந்துவிடுகிறது. அந்த நினைப்புதான் ஆபத்து.

மின்சாரத்துக்காகப் போட்ட பாதை

ஊட்டிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழி ஒன்று, கோத்தகிரி வழி ஒன்று. இது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. மேட்டுப்பாளையம் போகாமல் காரமடையிலேயே மேற்கே திரும்பினால் வெள்ளியங்காடு, அங்கிருந்து பில்லூர், முள்ளி, கெத்தை, மஞ்சூர். மொத்தம் 43 கொண்டை ஊசி வளைவுகள். குன்னூர் சாலையில் இருப்பது போல வரிசையாகக் கடைகளோ, ஹோட்டல்களோ கிடையாது. பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடையாது.

இந்தப் பக்கத்து மலையின் கதையே வேறு. 1950-களின் பிற்பாதியில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியோடு குந்தா நீர்மின் திட்ட வேலைகள் தொடங்கின. மலை உச்சி அணைகளில் தேங்கும் தண்ணீரைக் குழாய்களில் இறக்கி, படிப்படியாக ஒவ்வொரு மின்நிலையத்திலும் மின்சாரம் எடுத்துக்கொண்டே கீழே கொண்டுவரும் திட்டம் அது. கெத்தையும் பில்லூரும் அந்தப் படிக்கட்டில் வரும் பெயர்கள். மின்நிலையத்துக்கு ஆட்களும் இயந்திரங்களும் போய்வரத்தான் இங்கே பாதை தேவைப்பட்டது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை மனதில் வைத்துப் போட்டதல்ல.

பில்லூருக்கு இன்னொரு வேலையும் உண்டு. கோவை மாநகரின் வீட்டுக் குழாய்களில் வரும் தண்ணீரில் பெரும் பங்கு அங்கிருந்து வருவதுதான். 2024-ல் மூன்றாவது பில்லூர் குடிநீர்த் திட்டமும் வந்துவிட்டது. காந்திபுரத்தில் குடிக்கும் டீயில் இந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீர் இருக்கலாம். ஆனால், அந்தப் பள்ளத்தாக்கு எப்படிப்பட்டது என்பது டீ குடிப்பவர்களில் பலருக்குத் தெரியாது.

ரோட்டில் நிற்கும் யானை

கெத்தை சாலையில் அரசு பஸ்ஸை யானைக் கூட்டம் மறித்து நின்றது என்ற செய்தி அடிக்கடி வரும். பஸ்ஸில் இருப்பவர்கள் மலைக் கிராமத்து மக்கள். யாரும் கூச்சல் போட மாட்டார்கள். டிரைவர் வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து நிறுத்துவார். அரை மணி நேரமோ, ஒரு மணி நேரமோ, யானை விலகிய பிறகுதான் பஸ் நகரும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் இல்லாத அவசரம், சுற்றிப் பார்க்கப் போகும் காருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

யானை ஏன் ரோட்டிலேயே நிற்கிறது என்பதற்குக் காரணம் எளிது. ஒரு பக்கம் செங்குத்தான மண்சரிவு, இன்னொரு பக்கம் பள்ளம். கூட்டத்தில் குட்டி இருந்தால், அது இறங்கத் தோதான இடம் வரும்வரை மொத்தக் கூட்டமும் சாலையிலேயே நடக்கும். அந்த நேரத்தில் ஹாரன் அடிப்பதும், ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போடுவதும், செல்போனோடு இறங்கி ஓடுவதும் தாய் யானைக்கு ஒரே செய்தியைத்தான் சொல்லும்: ‘உன் குட்டிக்கு ஆபத்து.’

2021 செப்டம்பரில் நீலகிரியில் ஓர் அரசு பஸ்ஸின் முன் கண்ணாடியை யானை உடைத்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த டிரைவர் பதறவில்லை. இருக்கையிலிருந்து எழுந்து, பயணிகளைப் பின்பக்கம் போகச் செய்து, அமைதியாக இருந்தார். யானை போய்விட்டது. அவர் செய்ததை நாடே பாராட்டியது. மலையில் வீரம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எதுவும் செய்யாமல் இருப்பது.

ஏறுவது சுலபம்... இறங்குவதுதான்!

மலைப்பாதையில் முதன்முதலாக ஓட்டுபவர்கள் ஏறும்போதுதான் பயப்படுவார்கள். வண்டி திணறும், இன்ஜின் உறுமும். ஆனால், அப்போது வேகம் குறையாதோ என்ற கவலை இல்லை. காலை எடுத்தால் வண்டி தானாக நின்றுவிடும். இறங்கும்போது நிலைமை தலைகீழ். எல்லாம் சுலபமாகத் தெரியும். கால் பிரேக்கிலேயே இருக்கும். பத்து வளைவு தாண்டுவதற்குள் பிரேக் சூடேறிவிடும். சூடேறிய பிரேக் பிடிக்காது. மிதிக்க மிதிக்க வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

அதனால்தான் மலையில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள், “ஏறின கியர்லயே இறங்கணும்” என்பார்கள். முதல், இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது உயிரைப் பணயம் வைப்பது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருவராக நீண்ட இறக்கத்தில் வருவதும் ஏறக்குறைய அப்படித்தான். எதிரே ஏறிவரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, விதியும்கூட.

2018 அக்டோபர் தொடக்கத்தில் நடந்ததை நீலகிரி மறக்கவில்லை. சென்னையிலிருந்து வந்த ஏழு நண்பர்கள், ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாகக் காரில் இறங்கினார்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட செங்குத்தான பாதை அது. கார் பள்ளத்தில் விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாட்கள் ஆயின. ஐந்து பேர் உயிரோடு இல்லை. இருவர் மட்டும் மீட்கப்பட்டார்கள். அதன்பிறகுதான் வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து அந்த வழியில் இறங்கக் கட்டுப்பாடு வந்தது. அந்த இரண்டு நாட்கள்தான் இதில் கவனிக்க வேண்டியது. எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குச் சேர்வோம் என்பது வெளியே ஒருவருக்காவது தெரிந்திருந்தால், தேடல் எங்கே தொடங்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

வெயிலில் வரும் வெள்ளம்

கெத்தை வழியாக ஏறி, ஊட்டி பார்த்துவிட்டு, குன்னூர் அல்லது கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையத்தில் இறங்குவது வழக்கமான வட்டம். இறங்கியதும் களைப்புத் தீர பவானி ஆற்றில் ஒரு குளியல் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர், நடுவில் பாறைகள், நல்ல வெயில். ‘இதுல என்ன ஆகப்போகுது?’

ஆகும். பில்லூரில் மின் உற்பத்திக்காகத் தண்ணீர் திறக்கும்போது, கீழே ஆற்றில் மட்டம் மளமளவென்று உயரும். பாறையில் உட்கார்ந்திருப்பவர் கரைக்கு வருவதற்குள் நடுவில் தண்ணீர் நிறைந்துவிடும். மேலே மலையில் மழை கொட்டினாலும் அப்படித்தான். 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ-க்கும் மேல் மழை பெய்தது. அந்த மலைத் தண்ணீர் கடைசியில் இறங்கி வந்து சேருவது இந்தப் பவானியில்தான். 100 அடி உயர பில்லூர் அணை நிரம்பும் தறுவாயில் வரும் தண்ணீரை அப்படியே திறந்துவிடுவார்கள். மேட்டுப்பாளையத்தில் வானம் தெளிவாக இருக்கலாம். ஆறு அப்படி இருக்காது.

ஒருவர் சுழலில் சிக்கினால் நண்பர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். நீச்சல் தெரியாதவரும் குதிப்பார். 2023 அக்டோபரில் வால்பாறை சோலையாறு பகுதி ஆற்றில் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் ஒரே நாளில் மூழ்கி இறந்தார்கள். நட்பு குறைவாக இருந்ததால் அல்ல, இருந்ததால்தான் இப்படி எண்ணிக்கை கூடுகிறது. காப்பாற்ற நினைப்பவர் இறங்கக் கூடாது. கயிறு, நீளமான கம்பு, வேட்டி என்று எதையாவது கரையில் இருந்தே வீச வேண்டும்.

ஏன் யாரும் சொல்வதில்லை?

இந்த விஷயங்களில் பாதி எல்லோருக்கும் தெரியும். காரில் இருக்கும் ஐந்து பேரில் குறைந்தது இருவருக்கு மனதுக்குள் ‘இது சரியில்லை’ என்று பட்டிருக்கும். ஆனால், வாயைத் திறக்க மாட்டார்கள். சொன்னால் ‘பயந்தாங்கொள்ளி’ என்பார்கள். ‘உன்னைக் கூட்டிட்டு வந்தோம் பாரு’ என்பார்கள். அடுத்த ட்ரிப் குரூப்பில் பெயரே இருக்காது. தனியாகப் போயிருந்தால் ஒருவரும் இறங்காத ஆற்றில், கூட்டமாகப் போனால் எல்லோரும் இறங்குவது இதனால்தான். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துத் தைரியம் கொள்கிறார்கள். அடுத்தவரும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறார்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கிளம்பும்போதே ஒருவரை அந்த வேலைக்கு நியமித்துவிடுவது. பெட்ரோல் கணக்குக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர் இருப்பது போல, ‘வேண்டாம்’ சொல்ல ஒருவர். அவர் சொன்னால் விவாதம் கிடையாது. வண்டி நிற்கும், ஆற்றிலிருந்து ஏறிவிட வேண்டும். முன்பே பேசி வைத்துவிட்டால், சொல்பவருக்குக் கூச்சமும் இல்லை. கேட்பவருக்குக் கௌரவக் குறைச்சலும் இல்லை. வண்டி ஓட்டுபவர் அந்த ஆளாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து சீட்டில் தூங்காமல் வருபவர் போதும்.

கிளம்பும் முன்...

* நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் கட்டாயம். 2024 மே மாதத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

* வனத்துறை செக்போஸ்ட்டில் ‘இன்று இந்த வழி இல்லை’ என்றால் வாதாடாமல் திரும்புங்கள். மண்சரிவோ, யானையோ, அவர்களுக்குத் தெரிந்த காரணம் இருக்கும்.

* இருட்டுவதற்குள் மலைப்பாதையைத் தாண்டிவிடும்படி நேரத்தைக் கணக்கிடுங்கள். மூடுபனி இறங்கினால் பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டுங்கள்.

* பெட்ரோல், குடிநீர், சாப்பாடு எல்லாம் காரமடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

* தண்ணீரில் ஆட வேண்டும் என்று ஆசையா? பில்லூர் அணையின் நீர்ப்பரப்பில் பரளிக்காட்டில் வார இறுதியில் வனத்துறையின் சூழல் சுற்றுலா உண்டு. முன்பதிவு செய்தால் லைஃப் ஜாக்கெட்டோடு பரிசல் சவாரி, அந்தப் பகுதிப் பழங்குடி மக்கள் சமைக்கும் மதிய உணவு என்று ஒரு நாள் நிறைவாகக் கழியும். கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்த மக்களுக்கும் போய்ச் சேரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

‘போகவே கூடாது’ என்று சொல்லும் வீடுகளில், பிள்ளைகள் சொல்லாமல் போவார்கள். ‘ஃப்ரெண்டு வீட்டுக்கு’ என்று கிளம்பிய பிள்ளை கெத்தை வளைவில் மாட்டிக்கொண்டால், பெற்றோர் தேடுவது ஊருக்குள்தான். அதைவிட, போக விட்டுவிட்டு மூன்றே கேள்விகள் கேட்பது நல்லது. எந்த வழியாகப் போறீங்க? எத்தனை மணிக்கு சிக்னல் இருக்கும் இடத்துக்கு வருவீங்க? ‘வேண்டாம்’ சொல்ற ஆள் யாரு?

மூன்றாவது கேள்விக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெயர் வந்தால், நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பெயர் வராவிட்டால், “அப்போ அது நீயாவே இரு கண்ணு” என்று சொல்லி அனுப்புங்கள்.